மங்கலான கருந்துளையை ரேடியோ காட்டிக்கொடுப்பது எப்படி?

கேள்வி: அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களின் மையக் கருந்துளை மங்கலாக இருந்தால், ரேடியோ தொலைநோக்கி அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கருந்துளைகள் அரைப்பட்டினிக்காரர்கள். உள்ளே விழும் வாயு மிகக் குறைவு; அந்த வாயு சூடாகி உமிழும் ஒளியும் குறைவுதான். அந்தச் சிறு மினுக்கத்தைச் சுற்றியுள்ள விண்மீன்களின் வெளிச்சம் அமுக்கிவிடும், மிச்சத்தைத் தூசி மறைத்துவிடும். ரேடியோ அலைக்குத் தூசி ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் விண்மீன்கள் பிறக்கும் இடங்களும், வெடித்தவற்றின் எச்சங்களும்கூட ரேடியோ அலை உமிழ்பவைதாம். எனவே, எவ்வளவு சிறிய இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். விண்மீன் பிறப்பிடத்து வாயு சுமார் 10,000 டிகிரி. மையப் புள்ளியின் 'பிரகாச வெப்பநிலை' (அந்த ரேடியோ பிரகாசத்தை வெறும் வெப்பத்தால் தர எவ்வளவு சூடு வேண்டும் என்ற கணக்கு; அதே அளவு அலை சிறிய இடத்திலிருந்து வந்தால் இது கூடும்) 10 கோடி டிகிரியைத் தாண்டினால், அது அநேகமாகக் கருந்துளையின் தாரைதான், அதாவது கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் துகள் பாய்ச்சல்.

எனக்குப் பிடித்த உதாரணம் எம்81 என்ற விண்மீன் மண்டலம், சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவு. 1993இல் அங்கே ஒரு விண்மீன் வெடித்தது. அது விரிவதை அளக்கக் கண்டங்கள் தாண்டி ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்தவர்கள், அந்த மண்டலத்தின் மையப் புள்ளியையே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். அளக்க அளக்க, மையத்தின் இருப்பிடம் அலைவரிசைக்கேற்ப சற்று நகர்வது தெரிந்தது. தாரையின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு அலைவரிசையில் பளிச்சிடுவதே காரணம். வெடிப்பைப் பார்க்கப் போய்க் கருந்துளையின் தாரையையும் பிடித்துவிட்டார்கள்!

பிரிட்டனின் இ-மெர்லின் என்ற ரேடியோ தொலைநோக்கி வலையமைப்பு, 280 அருகாமை மண்டலங்களை இதே நோக்கில் அலசியிருக்கிறது.