மரக் கண்காட்சிக்குப் போகிறீர்களா? பையில் ஒரு தேக்குத் துண்டு இருக்கட்டும்

கேள்வி: கும்பகோணம் பக்கம் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், நாற்காலி வேலைகள். பெங்களூரு இண்டியாவுட் கண்காட்சிக்கு ஒரு நாள் போய்வர ஆசை. மேசை நடுவே வட்ட ரம்பம் சுழலும் டேபிள் சா ஒன்று வாங்க வேண்டும், வெளிநாட்டு மரமும் பார்க்க வேண்டும். ஒரு நாளில் எதைப் பார்ப்பது? அங்கேயே வாங்கிவிடலாமா?

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் விசாரிக்கப் போங்கள், வாங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இண்டியாவுட் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டுகளில், துமகூரு சாலையிலுள்ள சர்வதேசக் கண்காட்சி மையத்தில் நடக்கிறது. 2024 நவம்பரில் மெட்ரோவின் பச்சை வழித்தடம் மாதவரா வரை நீண்டுவிட்டது. மெஜஸ்டிக்கில் ஏறினால் மையத்தின் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

உள்ளே பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கான இயந்திரங்கள்தான்: கணினி இயக்கும் சிஎன்சி, பலகை விளிம்பில் பட்டை ஒட்டும் எட்ஜ் பேண்டிங். வேடிக்கை பார்த்து நின்றால் அரை நாள் ஓடிவிடும். கூட்டம் சேர்வதற்குள் டேபிள் சா ஸ்டால்களை முடித்துவிடுங்கள்.

பட்டறையிலிருந்து ஆறு அங்குல அகலத்தில் தேக்கு, வேம்பு என்று இரண்டு மூன்று துண்டுகள் எடுத்துப் போங்கள். ஸ்டால்களில் பெரும்பாலும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது பிளைவுட்டைத்தான் அறுத்துக் காட்டுவார்கள். அது அறுபடும்போது பிளேடைக் கவ்வாது. நம் மரம் கவ்வும். கவ்வினால் துண்டு நம்மை நோக்கித் தெறிக்கும். அதைத் தடுப்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற தகடு. அது இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். விரல்கள் சம்பந்தப்பட்ட விஷயம், இதில் நான் சமரசமே சொல்ல மாட்டேன்.

உங்கள் துண்டைக் குறுக்கே அறுத்துத் தரச் சொல்லுங்கள். சிலர் மறுப்பார்கள், பரவாயில்லை, அடுத்த ஸ்டாலுக்குப் போங்கள். அறுத்த இரண்டில் ஒன்றை மட்டும் தலைகீழாகப் புரட்டி, வெட்டுமுகங்களைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பிளேடு நேராக நின்றிருந்தால் வெளிச்சம் ஊடுருவாது. துளி சாய்ந்திருந்தாலும் அந்தப் பிழை இரட்டிப்பாகி, மேலோ கீழோ இடைவெளி விழும். வெட்டுமுகத்தில் கருகல் தெரிந்தால் பிளேடு மொட்டையா, மரத்துக்கு வழிகாட்டும் ஃபென்ஸ் கோணலா என்று கேளுங்கள். அப்புறம், சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்பதையும் மரத்தூள் உறிஞ்சும் குழாய்க்கு வாய் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம், மூக்கில் துண்டு கட்டிக்கொண்டால் போதாது.

மரத்துக்கு வருவோம். ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் இருந்தால் கொண்டு போகலாம், ஆனால் ஸ்டாலில் அது காட்டும் எண்ணை நம்பி ஆர்டர் போடாதீர்கள். அங்கே இருப்பது அரங்குக்குள் நாள்கணக்கில் கிடக்கும் சாம்பிள். உங்களுக்கு வரப்போகும் லோடு வேறு. எத்தனை சதவீத ஈரத்தில் தருவார்கள் என்பதை எழுதி வாங்கி, மரம் வந்ததும் பலகையின் நடுவில் அளந்து பாருங்கள். நுனி சீக்கிரம் காய்ந்துவிடும், அங்கே அளந்தால் ஏமாறுவீர்கள். அதிகம் சுருங்காத மரம் என்று பெயரெடுத்த தேக்கே, பச்சையிலிருந்து முழுக்க உலரும்போது அகலத்தில் சுமார் 5.8 சதவீதம் வரை குறையும். அந்தக் கணக்கில், 18 சதவீத ஈரத்தோடு வாங்கிய ஓர் அடி அகலப் பலகை 12-க்கு வரும்போது 3 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். கதவுப் பலகையில் இடைவெளி விழ அது போதும்.

அமெரிக்க ஓக் கேட்டால் வெள்ளையா, சிவப்பா என்று தெளிவாகக் கேளுங்கள். சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தே இருக்கும். சின்னத் துண்டின் ஒரு முனையைச் சோப்பு நீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். மழை படும் வாசல் கதவுக்கு அது சரிப்படாது. வெள்ளை ஓக்கில் துளைகள் அடைபட்டிருப்பதால் தாங்கும்.

அமெரிக்கத் தரப்பிரிவில் எஃப்ஏஎஸ் என்றால் பலகைப் பரப்பில் குறைந்தது 83 சதவீதம், நம்பர் ஒன் காமன் என்றால் 66 சதவீதம் கணு, வெடிப்பு இல்லாத துண்டுகளாகக் கிடைக்கும். கதவு நிலைக்கு நீளம் வேண்டும், அதற்கு எஃப்ஏஎஸ் சரி. நாற்காலிக் கால், கைப்பிடிக்கெல்லாம் சின்னத் துண்டு போதும். அதற்கு நம்பர் ஒன் காமன் வாங்கினால் காசு மிச்சம்.

விலையைக் கன மீட்டரிலோ போர்டு ஃபுட்டிலோ சொல்வார்கள். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி; 12 போர்டு ஃபுட் ஒரு கன அடி. கன்டெய்னர் கணக்கில் பேசுபவரிடம் தமிழ்நாட்டில் ஸ்டாக் வைத்து விற்பவர் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

"கண்காட்சி விலை, இன்றைக்கு மட்டும்" என்பார்கள். ஜிஎஸ்டி, வண்டி வாடகை, பொருத்தித் தரும் செலவு எல்லாம் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். விலை எத்தனை நாள் செல்லும் என்பதும் அதில் இருக்க வேண்டும். கூடவே, தஞ்சாவூர், திருச்சி பக்கம் இதே மெஷின் ஓடும் பட்டறை ஒன்றின் நம்பரையும் வாங்குங்கள். பழுது பார்க்க ஆள் எத்தனை நாளில் வருகிறார் என்பதை அங்கே நேரில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.