வெல்டிங் கேள்வி – பதில்: ஒரே பெட்டி, மூன்று வேலை

ராடு (பூச்சுள்ள குச்சியே உருகும் முறை), மிக் (டிரிக்கரை அழுத்தினால் வயர் தானாக வந்து உருகும் முறை), டிக் (உருகாத டங்ஸ்டன் ஊசியால் வெல்ட் செய்யும் முறை) மூன்றையும் ஒரே மெஷினில் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. முன்பக்கத் திருகியைத் திருப்பினால் மெஷின் மாறிவிடும். கேபிள், கேஸ், வயரைத் தள்ளும் ரோலர், வயர் வெளிவரும் டிப் எதுவும் கூடவே மாறாது, அவற்றை நாம்தான் மாற்ற வேண்டும்.

கேஸ் போட்டு மிக் நன்றாக ஓடியது. வெளியில் வேலை என்று கேஸ் தேவைப்படாத ஃப்ளக்ஸ் கோர் வயரை (உள்ளே பவுடர் உள்ளது) மாட்டினேன். ஒரே தெறிப்பு, பீடு (வெல்ட் வரி) தகட்டில் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வயர் மட்டமா?

வயரைக் குறை சொல்லும் முன் போலாரிட்டியை, அதாவது எந்தக் கேபிள் பிளஸ்ஸில், எது மைனஸில் என்பதைப் பாருங்கள். கேஸோடு ஓடும் சாலிட் வயருக்கு டார்ச் பிளஸ்ஸில் இருக்க வேண்டும், எர்த் கிளாம்ப் மைனஸில். கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கோர் வயருக்கு (வயர் சுற்றிய ஸ்பூலில் 71டி-11 அல்லது 71டி-ஜிஎஸ் என்று இருக்கும்) அப்படியே தலைகீழ்: டார்ச் மைனஸ், எர்த் பிளஸ். அந்த வயருக்குள் இருக்கும் பவுடரின் கலவையே மைனஸில் எரிவதற்காகச் செய்யப்பட்டது. பிளஸ்ஸில் ஓட்டினால் நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் நடக்கும்.

மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். சில மெஷினில் முன்பக்கம் தொங்கும் குட்டைக் கேபிளை மாற்றிச் சொருகினால் போதும். சிலவற்றில் ஸ்பூல் கதவுக்குள் இரண்டு போல்ட் இருக்கும், அவற்றில் இருக்கும் கேபிள்களை இடம் மாற்ற வேண்டும். எதுவானாலும் கடைசிவரை முறுக்குங்கள். தளர்ந்த இணைப்பு சூடேறி, சாக்கெட்டின் பிளாஸ்டிக்கே உருகிப்போகும்.

ஒரு குழப்பம் இதில் உண்டு. 71டி-1 என்பதும் ஃப்ளக்ஸ் கோர்தான், ஆனால் அதற்குக் கேஸும் வேண்டும், டார்ச்சும் பிளஸ்ஸில் இருக்க வேண்டும். "ஃப்ளக்ஸ் கோர் என்றால் மைனஸ்" என்று மனப்பாடம் செய்யாமல் ஸ்பூல் லேபிளைப் படியுங்கள்.

ரோலரும் மாற வேண்டும். சாலிட் வயருக்கு வி பள்ளம். ஃப்ளக்ஸ் கோர் உள்ளே பவுடர் அடைத்த மெல்லிய குழாய் என்பதால் வி பள்ளத்தில் இறுக்கினால் நசுங்கும், அதற்குப் பல் வெட்டிய ரோலர். கையை நகர்த்தும் திசைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: கசடு (வெல்டின் மேல் படியும் ஓடு) வந்தால் இழு, வராவிட்டால் தள்ளலாம்.

வயர் ரோலர் பக்கத்திலேயே குருவிக்கூடு மாதிரி சுருண்டுகொள்கிறது. ரோலரை இன்னும் இறுக்கிப் பார்த்தேன், மோசமாகிறது.

இறுக்கியதால்தான் மோசமாகிறது. வயர் முன்னே போக முடியாமல் எங்கோ அடைபட்டிருக்கிறது, பின்னாலிருந்து ரோலர் விடாமல் தள்ளுகிறது. போக இடமில்லாத வயர் வழியில் சுருளாமல் என்ன செய்யும்?

டிரிக்கரை விட்டு, மெஷினை அணைத்து, ரோலரின் அழுத்தக் கையைத் தூக்குங்கள். சுருளுக்கு இரு பக்கமும் வயரை வெட்டி, சுருளை வெளியே எடுங்கள். டார்ச்சுக்குள் மிச்சமிருப்பதை டிப் பக்கமாக இழுத்துவிடுங்கள். இப்போது டிப்பைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருப்பான்: 0.8 மி.மீ. வயருக்கு 0.6 டிப், அல்லது வயர் நுனி உருகி ஒட்டிய டிப். டிப் இல்லாமலே வயர் தடையின்றி ஓடினால் கோளாறு டிப்பில்தான், புதிது போடுங்கள். அப்போதும் திணறினால், டார்ச் கேபிளுக்குள் வயர் ஓடும் குழாயான லைனரைப் பாருங்கள். டார்ச் கேபிளைச் சுருட்டிப் போட்டிருந்தால் நேராக்குங்கள். செம்புத் துகளும் தூசியும் லைனரில் படியும், ஒவ்வொரு ஸ்பூல் மாற்றும்போதும் காற்றடித்துவிட்டால் அதன் ஆயுள் கூடும். புது வயரை நுழைக்கும் முன் நுனியை அரம் வைத்து மழுக்குங்கள். கூர்நுனி லைனரைக் கீறிக்கொண்டே போகும்.

ரோலர் அழுத்தத்துக்கு ஒரு சோதனை. கண்ணாடியும் கையுறையும் போட்டு, டார்ச் நுனியை உலர்ந்த மரக்கட்டையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து டிரிக்கரை அழுத்துங்கள். வயர் கட்டையில் மோதி வளைந்துகொண்டே வர வேண்டும். மோதியதும் நின்று ரோலர் வழுக்கினால், வழுக்காத அளவுக்கு மட்டும் கொஞ்சம் இறுக்குங்கள். டிரிக்கரை அழுத்தினால் வயரில் கரண்ட் வரும், அதனால் இரும்பின் மேல் வைத்து இதைச் செய்யாதீர்கள். ஸ்பூல் பிரேக்கையும் பாருங்கள். டிரிக்கரை விட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும். தானாகச் சுற்றி வயர் தளர்ந்தால் பிரேக் போதவில்லை என்று அர்த்தம்.

பீடில் ஊசித்துளைகள். கேஸை 25 லிட்டர் வரை ஏற்றியும் போகவில்லை.

குறையுங்கள். சாதாரண மிக் நாசிலுக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். அதற்கு மேல் வேகமாகப் பாய்ந்தால் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாசிலுக்குள் தெறிப்பு அடைத்திருக்கிறதா, டார்ச் தூரத்தில் இருக்கிறதா, விசிறி ஓடுகிறதா, தகட்டில் துரு, பெயிண்ட், எண்ணெய் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கேஸ் ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரிந்துவிடும்.

மிக்குக்கு வைத்திருக்கும் கலவை கேஸிலேயே டிக் ஓட்டலாமா? டங்ஸ்டன் நுனி கறுத்து உருகுகிறது. இதே மெஷினில் அலுமினியம் டிக் வருமா?

ஓட்டக் கூடாது. அந்தக் கலவையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு வில்லின் (ஆர்க்) சூட்டில் ஆக்சிஜனை விடும், சிவந்து நிற்கும் டங்ஸ்டன் அதில் எரிந்துபோகும். டிக்குக்குச் சுத்த ஆர்கான்தான், நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர். டார்ச் மைனஸில். தவறிப் பிளஸ்ஸில் மாட்டினால் சூட்டின் பெரும்பங்கு டங்ஸ்டனுக்கே போய், நுனி உருண்டையாகிவிடும். வில்லை அணைத்ததும் டார்ச்சைத் தூக்காதீர்கள். 10 ஆம்பியருக்கு ஒரு விநாடி என்ற கணக்கில் கேஸ் தொடர்ந்து ஓடட்டும். நுனியைச் சாணை பிடிக்கும்போது கோடுகள் நீளவாக்கில் விழ வேண்டும். சிவப்புப் பட்டை போட்ட டங்ஸ்டனில் தோரியம் இருக்கிறது, அதன் தூசி மூச்சில் போகக் கூடாது. தங்க நிறம் அல்லது நீலப் பட்டையுள்ள லாந்தனம் கலந்தது வாங்குங்கள், வேலையிலும் குறையில்லை.

அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு தோலை உடைக்க ஏசி வேண்டும். டிசி மட்டும் தரும் மெஷினில் அலுமினியம் டிக் வராது. யு பள்ள ரோலர், டெஃப்லான் லைனர், சுத்த ஆர்கான் என்று மாற்றிக்கொண்டு மிக்கில் செய்யலாம்.

7018 ராடு பற்றவே மாட்டேன் என்கிறது, ஒட்டிக்கொள்கிறது. 6013 நன்றாகப் போகிறது.

6013 எதையும் பொறுத்துக்கொள்ளும், 7018 அப்படியல்ல. ஹோல்டரைப் பிளஸ்ஸில் மாட்டுங்கள். 3.15 மி.மீ. ராடுக்கு 100 முதல் 140 ஆம்பியர், 2.5-க்கு 70 முதல் 100. வில்லைக் குட்டையாகப் பிடியுங்கள். பாதி எரிந்த ராடின் நுனியில் கசடு மூடியிருக்கும், கான்கிரீட்டில் லேசாகத் தேய்த்து உலோகம் தெரிந்த பிறகு உரசுங்கள். மெஷினில் ஹாட் ஸ்டார்ட் (பற்றும் நொடியில் மட்டும் கூடுதல் கரண்ட்) இருந்தால் கூட்டுங்கள்.

ஈரம்தான் 7018-க்குப் பெரிய எதிரி. பூச்சில் ஏறிய ஈரம் ஹைட்ரஜனாக வெல்டில் இறங்கி, வேலை முடிந்து மணிக்கணக்கான பிறகுகூட விரிசல் விட வைக்கும். திறந்து கிடந்த ராடுகளை, பெட்டியில் போட்டிருக்கும் சூட்டில், பொதுவாக 300 முதல் 350 டிகிரி செல்சியஸில், சூளையில் வைத்து உலர்த்துங்கள். வெயிலில் காயவைப்பதால் பயனில்லை.

ராடுக்கு மாற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ராடு முறையில் டிரிக்கர் கிடையாது, மெஷின் ஓடும்வரை ஹோல்டரில் வோல்டேஜ் இருக்கும். சில மெஷின்களில் மிக் டார்ச்சின் வயரும் கூடவே உயிரோடு இருக்கும். எர்த் போட்ட மேசைமேல் அதை எறிந்து வைத்தால் அங்கேயே பொறி பறக்கும். டார்ச் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

160 ஆம்பியர், 60 சதவீதம் என்று மெஷினின் பெயர்த் தகட்டில் இருக்கிறது. 16 ஆம்பியர் பிளக் போதுமா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுடுகிறது.

60 சதவீதம் என்பது பத்து நிமிடக் கணக்கு: 160 ஆம்பியரில் ஆறு நிமிடம் வெல்டிங், நாலு நிமிடம் ஓய்வு. ஓய்வில் மெஷினை அணைக்காதீர்கள், விசிறி ஓடினால்தான் உள்ளே ஆறும். இது 40 டிகிரி வெப்பத்தில் எடுத்த அளவு. அதைவிடச் சூடான இடத்தில் ஓய்வைக் கூட்டுங்கள்.

பிளக் கணக்கு. ராடில் 160 ஆம்பியருக்கு வில் வோல்டேஜ் 20 + 0.04 × 160, அதாவது 26.4 வோல்ட். பெருக்கினால் சுமார் 4.2 கிலோவாட். மெஷினின் திறன் 85 சதவீதம் என்று கொண்டால் சுவரிலிருந்து 5 கிலோவாட். 230 வோல்ட்டில் அது 22 ஆம்பியர் ஆகிறது. பவர் ஃபேக்டர் திருத்தம் (சுவரிலிருந்து தேவைக்கு மேல் ஆம்பியர் இழுக்காமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத மெஷின் என்றால் 30-ஐத் தொடும். 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. மிக்கில் அதே 160 ஆம்பியருக்கு 14 + 0.05 × 160, அதாவது 22 வோல்ட்தான். அதனால்தான் ஒரே ஆம்பியரில் மிக் ஓடும்போது விழாத எம்.சி.பி. (மெயின் பிரேக்கர்) ராடில் விழுகிறது.

எக்ஸ்டென்ஷன் சுடுவதற்கும் கணக்கு உண்டு. 2.5 சதுர மி.மீ. வயர் 20 மீட்டர், போக வர 40 மீட்டர். 30 ஆம்பியர் ஓடினால் சுமார் 9 வோல்ட் வழியிலேயே போகும். அது 270 வாட் சூடு. டிரம்மில் சுற்றிய நிலையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் இளகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள், 4 சதுர மி.மீ. அல்லது அதற்கு மேல் வாங்குங்கள்.

எர்த் கிளாம்ப் மாட்டியிருக்கிறேன், சாக்கெட்டில் எர்த் இல்லாவிட்டால் என்ன?

இரண்டும் வேறு. கிளாம்ப் வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் வழி. பிளக்கின் எர்த், மெயின் கரண்ட் மெஷின் பாடிக்குக் கசிந்தால் உங்களைக் காப்பது. அது இல்லாத சாக்கெட்டில் மாட்டாதீர்கள். கிளாம்ப்பைத் துரு நீக்கிய இடத்தில், வெல்டுக்குப் பக்கத்தில் கவ்வுங்கள். தூரத்தில் கவ்வினால், வேலைப் பொருளில் பேரிங் இருந்தால் கரண்ட் அதன் வழியாகப் போய்க் குண்டுகளைக் கெடுக்கும்.

மெஷினை எப்போது திறந்து சுத்தம் செய்வது?

தூசி அதிகமுள்ள பட்டறையில் மாதம் ஒருமுறை. பிளக்கைப் பிடுங்கி, கையேட்டில் சொன்ன நேரம் (இல்லாவிட்டால் பத்து நிமிடமாவது) காத்திருங்கள், உள்ளேயுள்ள கெப்பாசிட்டர்கள் அதுவரை உயிரைப் பிடித்திருக்கும். ஈரமில்லாத காற்றை மிதமான அழுத்தத்தில் அடியுங்கள். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வேகமாகச் சுழன்றால் பேரிங் போகும். கிரைண்டர் பொறி மெஷின் பக்கம் போகாமல் வேலை செய்யுங்கள். இரும்புத்தூள் போர்டில் படிந்து ஷார்ட் ஆவது இன்வெர்ட்டர்கள் சாகும் வழிகளில் ஒன்று.

எண்ணெய்ப் பிசுக்கைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்ட் செய்யலாமா?

குளோரின் கலந்த கிளீனர் என்றால் கூடவே கூடாது. வில்லின் புற ஊதாக் கதிரும் சூடும் அதன் ஆவியை ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக்கும். அசிட்டோன் எடுத்துக்கொண்டு, முழுவதும் உலர்ந்த பிறகு, டப்பாவையும் துணியையும் தூரமாக வைத்துவிட்டு வில்லை மூட்டுங்கள்.