அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 44 வயது. அப்பா இரைப்பைப் புற்றுநோயில் இறந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கும் பல வருடமாக நெஞ்செரிச்சல், உப்புசம். தினமும் காலையில் பான்டாப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்கான ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ், பெப்சினோஜன் 1 – 52, பெப்சினோஜன் 2 – 21, விகிதம் 2.5 என்று வந்திருக்கிறது. விகிதத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் ‘குறைவு’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்குக் கேன்சரா? தூக்கமே போய்விட்டது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. அந்த ரிப்போர்ட்டில் கேன்சர் என்று எங்கேயும் இல்லை, அந்த டெஸ்டால் கேன்சரைக் கண்டுபிடிக்கவும் முடியாது. இரைப்பையின் உட்சுவர் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கும் என்று ரத்தத்தை வைத்து ஊகிக்கிற டெஸ்ட் அது, அவ்வளவுதான்.

எப்படி என்று புரிந்தால் பாதி பயம் போய்விடும். நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, மீனில் உள்ள புரதத்தை உடைப்பது பெப்சின், அதன் மூலப்பொருள் பெப்சினோஜன். ஒன்றாம் வகை இரைப்பையின் மேல் பகுதியிலும் நடுப் பகுதியிலும் உள்ள சுரப்பிகளில்தான் உண்டாகிறது. இரண்டாம் வகை இரைப்பை முழுக்கவும், அதைத் தாண்டி சிறுகுடலின் தொடக்கத்திலும் சுரக்கிறது. ஹெச். பைலோரி கிருமியால் உட்சுவர் அழற்சி கண்டால் இரண்டுமே ஏறும், ஆனால் இரண்டாவது அதிகமாக ஏறும், அதனால் ஒன்றாவதை இரண்டாவதால் வகுத்து வரும் விகிதம் இறங்கிவிடும். அந்த அழற்சி ஆறாமல் வருடக்கணக்கில் இருந்தால் சுரப்பிகளே அழிந்து ஒன்றாவது குறைய ஆரம்பிக்கும், விகிதம் இன்னும் கீழே போகும். ஜப்பானில் ஒன்றாவது 70-ம் அதற்குக் கீழும், விகிதம் 3-ம் அதற்குக் கீழும் இருந்தால் தேய்மானம் இருக்கலாம் என்று எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) பார்க்கச் சொல்வார்கள். உங்களுடையது இரண்டிலும் அந்தக் கோட்டுக்குள் வருகிறது. ஒரு விஷயம், மாத்திரை போட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்திருந்தால் பான்டாப்ரசோல் இந்த எண்களை ஏற்றிக் காட்டும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தேய்மானத்துக்கு அடுத்த நாளே புற்று வந்துவிடாது. அழற்சி, தேய்மானம், இரைப்பையின் உட்சுவர் குடலின் உட்சுவர் போல மாறுவது, அப்புறம் செல்கள் ஒழுங்கு கெடுவது, இத்தனையும் தாண்டித்தான் புற்று. இதற்குப் பல பத்து வருடங்கள் ஆகும், பெரும்பாலானவர்கள் நடுவழியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் கிருமியை அலட்சியப்படுத்தவும் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 வருடம் கவனித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் கொரியாவில் இருக்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்து, தங்களுக்கும் இந்தக் கிருமி இருந்த 40 முதல் 65 வயதுக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கிருமியைக் கொல்லும் மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஒன்பது வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது: வெற்று மாத்திரைக்காரர்களில் 2.7 சதவீதத்தினருக்குப் புற்றுநோய், மருந்து எடுத்தவர்களில் 1.2 சதவீதம். அப்பாவுக்கு வந்ததால் உங்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்தான், அதில் பாதிக்கு மேல் கிருமியைக் கொல்லும் மருந்து குறைத்துவிடுகிறது என்பதை நினைக்கும்போது, இத்தனை வருடம் யாரும் உங்களுக்குக் கிருமி டெஸ்டை எழுதித் தரவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: இரைப்பை-குடல் டாக்டரைப் பார்த்து எண்டோஸ்கோபி செய்யுங்கள், மேல் பகுதியிலும் கீழ்ப் பகுதியிலும் சதைத்துணுக்கு எடுக்கச் சொல்லுங்கள். கிருமி உறுதியானால் வழக்கமாக 14 நாள் மருந்து, ஆன்டிபயாடிக்குகளும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்து. மருந்துக்கடையில் கேட்டு நீங்களாக வாங்காதீர்கள், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிகள் இப்போது நிறைய. பிஸ்மத் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நாக்கும் மலமும் கறுக்கும், பயப்பட வேண்டாம். நடுவில் நிறுத்தவும் வேண்டாம்.

முடித்த பிறகு கிருமி போய்விட்டதா என்று பார்ப்பதைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யுங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் பான்டாப்ரசோல் கூடாது, போட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். ரத்த ஆன்டிபாடி இதற்கு உதவாது, கிருமி செத்த பிறகும் பல மாதம் பாசிட்டிவாகவே இருக்கும். பெப்சினோஜன் விகிதம் ஏறிவிடும், ஆனால் எண் ஏறியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சதைத்துணுக்கில் தேய்மானம் பரவலாக இருந்தால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் எண்டோஸ்கோபி தொடர வேண்டும். இரும்புச்சத்து, பி12 இரண்டையும் பார்த்துவிடுங்கள், தேய்ந்த இரைப்பை இரண்டையும் சரியாக உறிஞ்ச விடாது.

அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்கும் அவர் அப்பாதானே. தொந்தரவு இல்லாத குழந்தைகளுக்கு டெஸ்ட் வேண்டாம்.

கேள்வி: எனக்கும் அதே கிருமிதான். மோரும் பூண்டும் சாப்பிட்டே சரியாக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: மோர் நல்லது, குடியுங்கள். ஆனால் கிருமி சாகாது. அது யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு, உட்சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். சாப்பாடு அங்கே எட்டாது. ஊறுகாயையும் கருவாட்டையும் குறையுங்கள், அதிக உப்பு இந்தக் கிருமியோடு சேர்ந்தால் இரைப்பைக்குக் கெடுதல் கூடும். எடை குறைந்தாலோ, மருந்து எதுவும் இல்லாமல் மலம் கறுப்பாகப் போனாலோ, விழுங்கச் சிரமமானாலோ இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.