பிரவுசருக்கு ஒரு நியாயம், சர்வருக்கு ஒரு நியாயமா?

இம்முறை வந்த கேள்விகளில் ஜாவாஸ்கிரிப்ட்டில் எச்டிடிபி ரிக்வெஸ்ட் அனுப்புவது பற்றியவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். புதியவர்களுக்கு: ஏபிஐ என்பது ஒரு சர்வர் டேட்டா கொடுக்கத் திறந்து வைத்திருக்கும் வாசல், போஸ்ட்மேன் அதைத் தட்டிப் பார்க்கும் கருவி, ஃபெட்ச் ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபங்ஷன், நோட் பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவது.

கேள்வி: சார், ஒரு ஏபிஐயை போஸ்ட்மேனில் அடித்தால் டேட்டா வருகிறது. நோடில் ஃபெட்ச் போட்டாலும் வருகிறது. அதே வரியை வெப் பக்கத்தில் போட்டால் கன்சோலில் சிவப்பாக கார்ஸ் எரர். கோட் ஒன்றுதானே, ஏன் இந்த ஓரவஞ்சனை?
(இறுதியாண்டு மாணவர், ஈரோடு)

பதில்: ஓரவஞ்சனைதான் தம்பி, ஆனால் தெரிந்தே செய்தது. பிரவுசருக்காக நீங்கள் எழுதும் கோட் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில், அவருடைய லாகின் குக்கிகளுக்கு (சைட் அவரை அடையாளம் காணும் சிறு குறிப்புகள்) நடுவே ஓடுகிறது. ஒரு டேபில் அவர் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறார், பக்கத்து டேபில் ஏதோ வால்பேப்பர் சைட். அந்த சைட்டின் ஸ்கிரிப்ட் வங்கியின் முகவரிக்கு ஒரு ஃபெட்ச் போட்டு, அவர் குக்கியையும் கூட்டிக்கொண்டு போய், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று படித்துக்கொண்டு வந்தால் என்ன ஆவது? அதனால்தான் வேறு ஆரிஜினிலிருந்து வந்த பதிலை, அந்த சர்வர் வாய் திறந்து அனுமதி சொன்னால் ஒழிய, பிரவுசர் ஸ்கிரிப்ட்டின் கையில் கொடுப்பதில்லை. அந்த அனுமதி முறைக்குப் பெயர்தான் கார்ஸ். ஆரிஜின் என்றால் எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது, ஹோஸ்ட், போர்ட் மூன்றும் சேர்ந்தது. லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர்) 3000க்கும் 8080க்கும் போர்ட் வேறு என்பதாலேயே இரண்டும் வேறு வேறு ஆரிஜின். போஸ்ட்மேனிலும் நோடிலும் காப்பாற்ற வேண்டிய அந்த மூன்றாம் ஆள் இல்லை, அதனால் காவலும் இல்லை.

பெரும்பாலும் ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, அது 200, அதாவது 'எல்லாம் சரி', என்று பதிலும் அனுப்பியிருக்கும். சர்வர் லாகைத் திறந்து பாருங்கள், உங்கள் கெட் (டேட்டா கேட்கும் ரிக்வெஸ்ட்) அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ஆனால் நீங்கள் ஜேசான் (டேட்டாவை எழுதும் ஒரு வடிவம்) வைத்து போஸ்ட் செய்தாலோ, அதாவது டேட்டா அனுப்பினாலோ, ஆதரைசேஷன் ஹெடர் சேர்த்தாலோ கதை வேறு. பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் என்ற மெத்தடில் ஒரு ரிக்வெஸ்ட்டை அனுப்பி, 'இப்படி ஒன்று வரப்போகிறது, சம்மதமா?' என்று கேட்கும். பேக்கெண்டில் (சர்வர் பக்கக் கோடில்) ஆப்ஷன்ஸுக்கு வழி வைக்காமல் விட்டிருந்தால் அது 404 (அப்படி ஒன்று இல்லை) அல்லது 405 (இந்த மெத்தட் கூடாது) என்று விரட்டிவிடும், உண்மையான போஸ்ட் கிளம்பவே கிளம்பாது. லாகில் ஆப்ஷன்ஸ் மட்டும் தனியாக நிற்கிறதா, அங்கேதான் கோளாறு.

சரி, மருந்து? சர்வர் உங்களுடையது என்றால் அக்சஸ் கன்ட்ரோல் அலவ் ஆரிஜின் ஹெடரில் உங்கள் பக்கத்தின் முகவரியைப் போடுங்கள். குக்கியும் போக வேண்டுமென்றால் 'யார் வேண்டுமானாலும்' என்ற நட்சத்திரக் குறி செல்லாது, முகவரியைப் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும், கூடவே கிரெடென்ஷியல்ஸுக்கான அனுமதி ஹெடரும் வேண்டும். சர்வர் அடுத்தவருடையது என்றால் உங்கள் பேக்கெண்டிலிருந்து கூப்பிட்டு, பதிலை உங்கள் பக்கத்துக்குக் கொடுங்கள். ரகசியக் கீ இருந்தால் எப்படியும் இதுதான் வழி. பிரவுசரில் வைத்த கீ ரகசியமே அல்ல. ஃபெட்ச்சில் மோட் நோ கார்ஸ் என்று போட்டால் எரர் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எரர் போகும், டேட்டாவும் போகும். ஸ்டேட்டஸ் 0, பாடி காலி.

கேள்வி: ஃபெட்ச்சைச் சுற்றி எரரைப் பிடிக்க ட்ரை கேட்ச் போட்டிருக்கிறேன். சர்வர் 500 கொடுத்தாலும் கேட்சுக்குள் போகவே இல்லை. அப்புறம் சம்பந்தமில்லாமல் 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்' என்று வருகிறது.
(வாசகி, மதுரை)

பதில்: சம்பந்தம் இருக்கிறது. ஃபெட்ச்சைப் பொறுத்தவரை 404, 500 (சர்வருக்குள் கோளாறு) எல்லாம் பதில்தான். ரிக்வெஸ்ட் போனது, பதில் வந்தது, அதன் வேலை முடிந்தது. நெட் இல்லை, முகவரி கிடைக்கவில்லை, கார்ஸ் மறித்துவிட்டது, பாதியில் ரத்து செய்தோம் என்ற மாதிரி பதிலே கைக்கு வராதபோதுதான் அது எரர் எறியும். அதனால் ரெஸ்பான்ஸின் ஓகே என்ற புராப்பர்ட்டியை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஸ்டேட்டஸ் 200 முதல் 299 வரை இருந்தால் அது ட்ரூ, இல்லையென்றால் நீங்களே த்ரோ செய்யுங்கள்.

அந்த டோக்கன் எரரை உற்றுப் பார்த்தால், அதில் '<' என்ற குறியைக் காட்டியிருக்கும். உங்கள் சர்வர் 500க்கு ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பியிருக்கிறது, நீங்கள் அதை ஜேசான் என்று நம்பிப் பிரித்தீர்கள், முதல் எழுத்திலேயே தடுக்கிவிட்டது. இந்தக் குறியைப் பார்த்த உடனே ஜேசானுக்குப் பதிலாக டெக்ஸ்ட் மெத்தடைக் கூப்பிட்டு, வந்ததை அப்படியே பிரிண்ட் செய்யுங்கள். லாகின் பக்கம், ப்ராக்ஸியின் எரர் பக்கம், தப்பான யூஆர்எல், எதுவென்று கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒரு ரெஸ்பான்ஸின் பாடியை ஒருமுறைதான் படிக்க முடியும், அதனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: ஃபெட்ச் இருக்கும்போது இன்னும் ஆக்சியோஸ் லைப்ரரி தேவையா? டீமில் தினமும் சண்டை.
(டெவலப்பர், சென்னை)

பதில்: சண்டை போட அதில் ஒன்றுமில்லை. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல், ஸ்கிரிப்ட்டிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்ப எக்ஸ்எம்எல்எச்டிடிபி வந்தது, அவுட்லுக்கின் வெப் பதிப்புக்காக மைக்ரோசாஃப்ட் செய்தது. மற்ற பிரவுசர்கள் அதைப் பின்பற்றி எக்ஸ்எம்எல்எச்டிடிபி ரிக்வெஸ்ட் என்று வைத்துக்கொண்டன. ஃபெட்ச் 2015இல் குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் வந்தது, சஃபாரிக்கு 2017இல். ஆனால் நோடில் ஃபெட்ச் தானாகவே கிடைக்க ஆரம்பித்தது 2022இல், 18ஆம் பதிப்பில்தான். இடைப்பட்ட காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுத வேண்டுமென்றால் ஆக்சியோஸ்தான் கைகொடுத்தது. பிரவுசரில் பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபி ரிக்வெஸ்ட்டையும் நோடில் எச்டிடிபி மாட்யூலையும் உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ஒரே முகம் காட்டியது. இன்று புதிதாக ஆரம்பிக்கும் வேலைக்கு ஃபெட்ச்சும் அதைச் சுற்றி முப்பது வரியில் உங்களுக்கென்று ஒரு ஃபங்ஷனும் போதும் என்பது என் கட்சி. ஃபைல் அப்லோடு எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று பட்டை காட்ட வேண்டுமா, இன்டர்செப்டர்கள் (ரிக்வெஸ்ட்டையும் பதிலையும் நடுவில் பிடிக்கும் ஃபங்ஷன்கள்) நிறைய இருக்கும் பழைய கோடா, ஆக்சியோஸை அப்படியே விட்டுவிடுங்கள், ஓடட்டும்.

கேள்வி: பக்கத்தை சர்வரிலேயே எச்டிஎம்எல்லாக ரெண்டர் செய்யும்படி மாற்றினோம். பிரவுசரில் ஓடிய ஃபெட்ச் இப்போது யூஆர்எல்லைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்கிறது. அதைச் சரி செய்தால், லாகின் செய்த ஆளையே தெரியாது என்கிறது!
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டும் ஒரே காரணம்தான். சாய்கோட்டில் ஆரம்பித்து வெறும் பாதையை மட்டும் எழுதினால், பிரவுசர் தான் நிற்கும் பக்கத்தின் முகவரியை முன்னால் ஒட்டிக்கொள்ளும். நோட் எந்தப் பக்கத்திலும் நிற்கவில்லை, எதை ஒட்டும்? முழு முகவரி கொடுக்க வேண்டும். குக்கியும் அப்படியே. பிரவுசர் தானாகச் சேர்த்து அனுப்பும், நோடின் ஃபெட்ச்சிடம் குக்கிகளைச் சேர்த்து வைக்கும் ஜாடியே கிடையாது. பயனரின் ரிக்வெஸ்ட்டில் வந்த குக்கி ஹெடரை எடுத்து நீங்களே கையால் அடுத்த ஃபெட்ச்சில் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. அந்தக் குக்கியையோ டோக்கனையோ மாட்யூலின் (கோட் ஃபைலின்) மேல்மட்டத்தில், எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே, ஒரு வேரியபிளில் போட்டு வைக்காதீர்கள். பிரவுசரில் அது ஒரே ஆளுக்குத்தான், பரவாயில்லை. சர்வரில் ஒரே பிராசஸ் எல்லோருக்கும் பரிமாறுகிறது. அடுத்து வந்தவருக்கு முந்தையவரின் கணக்கு திறந்துவிடும். நீங்கள் தனியாக டெஸ்ட் செய்யும்போது இது தெரியவே தெரியாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால்தான் பல்லைக் காட்டும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் தனியாக, ஃபங்ஷனின் ஆர்க்யூமென்ட்டாகவே கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: எதிர் சர்வர் தொங்கினால் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? 'ஃபெட்ச் ஃபெய்ல்டு' என்று மட்டும் சொன்னால் என்னவென்று கண்டுபிடிப்பது?
(வாசகர், கோவை)

பதில்: நோடில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், கனெக்‌ஷன் கிடைத்த பிறகு ஹெடர் வருவதற்கு மட்டுமே 300 விநாடி பொறுமை காட்டும். ஐந்து நிமிடம்! அபார்ட்சிக்னலின் டைம்அவுட்டில் 5000 மில்லிவிநாடி என்று கொடுத்து, அதை சிக்னலாக அனுப்புங்கள், நேரம் முடிந்தால் டைம்அவுட்எரர் வரும். கெட் என்றால் தாராளமாகத் திரும்ப முயலலாம். போஸ்ட்டை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள், முதல் முறையே ஆர்டர் பதிவாகி, பதில் மட்டும் வழியில் நின்றிருக்கலாம்.

எரருக்குள் காஸ் (cause) என்று இன்னொன்று இருக்கும், அதைப் பிரிண்ட் செய்யுங்கள், ஹோஸ்ட் பெயர் தப்பா, கதவு மூடியிருக்கிறதா என்று அதுதான் சொல்லும். அதில் இரட்டை முக்காற்புள்ளியும் 1ம் (::1) கண்ணில் பட்டால், லோக்கல்ஹோஸ்ட்டை நோட் ஐபிவி6 முகவரியாக எடுத்துக்கொண்டது, உங்கள் பேக்கெண்டோ ஐபிவி4இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று இருக்கலாம். லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதில் 127.0.0.1 என்று போட்டுப் பாருங்கள்.