ஓவர்குளொக் செய்ய எந்த மதர்போர்ட்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கேம் விளையாடவும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங் செய்யவும் புதிதாக ஒரு கொம்பியூட்டர் பொருத்தப் போகிறேன். புரொசசர் ரைசன் 5 7600 என்று முடிவு. யுனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் ஏ620 போர்ட் போதும் என்கிறார்கள், அடுத்த கடையில் எக்ஸ்670 எடுத்தால்தான் ஓவர்குளொக் (கம்பனி வைத்த வேகத்துக்கு மேல் புரொசசரை ஓட்டுவது) செய்யலாம் என்கிறார்கள். விலை வித்தியாசம் பெரிது. சில வருடம் கழித்து புரொசசரை மட்டும் மாற்றினால் போதும் என்றும் நினைக்கிறேன். எதை எடுக்க?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: இரண்டையும் விடுங்கள் தம்பி. உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கிற பி650, இல்லாவிட்டால் அதற்குப் பிறகு வந்த பி850. ஏ620 போர்டில் புரொசசரை ஓவர்குளொக் செய்ய ரைசன் கம்பனியான ஏஎம்டி இடம் வைக்கவில்லை, ரேமின் வேகத்தை மட்டும்தான் கூட்டலாம். எக்ஸ்670 இருந்தால்தான் ஓவர்குளொக் என்பதும் சரியில்லை. பி650இலும் அது முழுதாக நடக்கும், எக்ஸ்670க்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு பெரும்பாலும் அதிக எஸ்எஸ்டி, யுஎஸ்பி இணைப்புகளுக்குத்தான் போகிறது. பி840 என்றும் ஒன்று உண்டு, பெயர் பி850க்குப் பக்கத்தில் இருந்தாலும் அதில் புரொசசர் ஓவர்குளொக் கிடையாது, ஆகவே பில் போடும்போது நம்பரைப் பாருங்கள்.

ஆனால் எல்லா பி650 போர்டும் ஒன்றல்ல. பார்க்க வேண்டியது விஆர்எம், அதாவது புரொசசரைச் சுற்றி இருக்கிற மின்சாரப் பகுதி. பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் புரொசசருக்குத் தேவையான ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கிக் கொடுப்பது அதுதான். உங்கள் 7600 வழக்கமான செட்டிங்கில் 88 வொட் வரைதான் இழுக்கும், அதற்கு மலிவான போர்டே தாங்கும். நாளைக்கு 16 கோர் உள்ள 7950எக்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டால் அது 230 வொட் வரை கேட்கும், அப்போது ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத விஆர்எம் சூடேறி புரொசசரின் வேகத்தைத் தானே இறக்கிவிடும். அதுவும் ஏசி இல்லாத கொழும்பு அறையில், ஏப்ரல் மாதத்தில், போர்ட் முப்பது பாகைக்கு மேலிருந்துதான் சூடேறத் தொடங்குகிறது. ஆகவே விஆர்எம்மின் இரண்டு வரிசைக்கும் ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். பொக்ஸில் விஆர்எம் கட்டங்களின் எண்ணிக்கையாக 14+2 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், அந்த மொடலின் விஆர்எம் சூட்டை முழு லோடில் அளந்து காட்டுகிற விமர்சனம் ஒன்றையாவது பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பிறகு மாற்றுவதைப் பற்றிய உங்கள் கணக்கு சரி. போர்டில் புரொசசர் பொருந்துகிற ஏஎம்5 சொக்கெட் 2022இல் வந்தது, 2024இல் வந்த ரைசன் 9000 வரிசையும் அதிலேயே பொருந்துகிறது, 2027 வரைக்குமாவது தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. புது புரொசசருக்கு பயோஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தேவைப்படும் என்பதால் பின்பக்கத்தில் பயோஸ் ஃப்ளாஷ்பாக் பட்டன் உள்ள போர்டையே எடுங்கள். பழைய புரொசசர் கையில் இல்லாவிட்டாலும் யுஎஸ்பி ஸ்டிக்கில் இருந்து அப்டேட் ஏற்றலாம், அப்டேட் நடுவில் கரண்ட் போய் பயோஸ் கெட்டுவிட்டாலும் அதே பட்டனால் திரும்ப எழுதலாம்.

அப்புறம் ரேம். இப்போது இரண்டு, காசு வந்ததும் இன்னும் இரண்டு என்று திட்டம் போடாதீர்கள். ரைசன் 7000க்கு ஏஎம்டி சொல்கிற வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கு ஸ்டிக் போட்டால் 3600க்கு இறங்குகிறது. 32 ஜிபி வேண்டுமானால் இரண்டு 16ஆக, டிடிஆர்5 6000 எக்ஸ்போ (ஏஎம்டி சொல்கிற வேகத்துக்கு மேல் ரேமை ஓட்டும் செட்டிங்) உள்ளதாக ஒரே தடவையில் வாங்குங்கள்.

ஓவர்குளொக்கில் எல்லா கோரையும் ஒரே வேகத்தில் கையால் பூட்டுவதை நான் சொல்லமாட்டேன், சூடும் கரண்டும்தான் கூடும், கேமில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பயோஸில் பிபிஓவை, அதாவது புரொசசர் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ள இடம் கொடுக்கும் ஏஎம்டி செட்டிங்கைப் போட்டு, அதிலுள்ள கேர்வ் ஒப்டிமைசரில் வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒவ்வொரு படியிலும் சோதியுங்கள். வேகமும் கூடும், சூடும் கட்டுக்குள் நிற்கும், நம் ஊருக்கு இதுதான் பொருத்தம். தொடங்கும் முன் பயோஸை அப்டேட் செய்துவிடுங்கள், ஏனென்றால் 2023இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி புரொசசர்கள் கருகிய பிறகுதான் எஸ்ஓசி வோல்ட்டேஜ் (புரொசசருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி பயோஸில் வரம்பு வைத்தார்கள்.

கேள்வி: என்னிடம் இன்டெல் ஐ7 13700கே, பி760 போர்ட் இருக்கிறது. ஓவர்குளொக் செய்ய போர்டை மாற்றவா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: வேண்டாம். இன்டெலில் பெயர் கே என்று முடிகிற புரொசசரை ஓவர்குளொக் செய்ய இசட் எழுத்தில் தொடங்கும் சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டு சிப்) வேண்டும் என்பது உண்மை, பி760இல் ரேமை மட்டும் கூட்டலாம். ஆனால் 2024இல் வந்த புரொசசர்கள் வேறு சொக்கெட்டுக்குப் போய்விட்டதால் இப்போது இசட்790 வாங்கினாலும் 14ஆம் தலைமுறையோடு அது முடிந்துவிடும். அந்தக் காசை வைத்திருங்கள். 13, 14ஆம் தலைமுறையில் கூடுதல் வோல்ட்டேஜால் புரொசசர் பழுதாகிற பிரச்சினைக்கு 2024 ஓகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் (புரொசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வெளியிட்டது, அது அடங்கிய புதிய பயோஸை இன்றைக்கே ஏற்றுங்கள்.

கேள்வி: ஓவர்குளொக் செய்தால் வொரண்டி போய்விடுமா?
- தெஹிவளை வாசகி

பதில்: போகலாம். சொல்லப்பட்ட அளவுக்கு வெளியே ஓட்டினால் வொரண்டி இல்லை என்றுதான் ஏஎம்டியின் நிபந்தனை சொல்கிறது, எக்ஸ்போ போடுவதும் அப்படி வெளியே ஓட்டுவதாகவே கணக்கு. வாங்கும்போதே கடையில் இதைக் கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.