கேள்வி–பதில்: ஐரீனா செண்ட்லரின் பட்டியல்

ஜனவரி 27, யூத இனப்படுகொலை நினைவு நாளில் ஐரீனா செண்ட்லர் பற்றி எங்கள் பள்ளியில் கண்காட்சி வைக்கிறோம். 2,500 யூதக் குழந்தைகளை ஒரே பெண் எப்படிக் காப்பாற்றினார்?
– ஆசிரியை, பாலக்கோடு

ஒரே பெண் அல்ல. கூட வேலை பார்த்த பெண்கள், கன்னியர் மடங்கள், வளர்த்த குடும்பங்கள் எல்லோருடைய உழைப்புக்கும் சேர்த்துச் சொல்லப்படும் எண் அது. தட்டியில் அப்படியே எழுதுங்கள். செண்ட்லரும் அதைத்தான் சொன்னார்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்திருந்த போலந்தின் தலைநகர் வார்சாவில், அவர் மாநகராட்சியின் சமூகநலத் துறை ஊழியர். 1940 நவம்பரில் அடைக்கப்பட்ட கெட்டோவுக்குள், அதாவது யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்து வைத்த பகுதிக்குள், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். உள்ளே டைஃபஸ் பரவியது. அந்தக் காய்ச்சலுக்கு ஜெர்மானியர்கள் பயந்ததால் போலந்து சுகாதாரப் பணியாளர்களுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. செண்ட்லர் உள்ளே போனது அந்தச் சீட்டோடுதான். லெஷ்னோ தெரு நீதிமன்றத்துக்குக் கெட்டோ பக்கமும் வெளிப்பக்கமும் வாசல் உண்டு; பிள்ளைகளை வெளியே கொண்டுவர அது ஒரு வழி. ஆம்புலன்ஸ் இன்னொரு வழி. அழுதால் மாட்டிக்கொள்ளும் என்று கைக்குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள்.

வெளியே வந்த பிறகுதான் பெரிய கஷ்டம். யூதர்கள் பேசும் இத்திஷ் மொழி மட்டுமே தெரிந்த பிள்ளை வாய் திறந்தாலே தெரிந்துவிடும். அதனால் போலிஷ் பெயர், கத்தோலிக்க ஜெபம், ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். பையன்களை, யூத வழக்கப்படி செய்த விருத்தசேதனமே (சுன்னத்து) காட்டிக்கொடுத்துவிடும். மிரட்டிப் பணம் பறிக்கவும் ஆட்கள் திரிந்தார்கள். மறைத்து வைத்தவருக்கு மரண தண்டனை.

அவ்வளவு ஆபத்தில் பெயர்களை எழுதி வைத்தது ஏன்?
– மாணவர், ஊத்தங்கரை

இரண்டு வயதுக் குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்தால் பழைய பெயர் ஒரு வருடத்தில் மறந்துபோகும். பிறகு பெற்றோர் உயிரோடு வந்தாலும் அடையாளம் சொல்ல ஆளிருக்காது. ஆகவே உண்மைப் பெயரையும் புதுப் பெயரையும் மெல்லிய தாளில் எழுதினார். 1943 அக்டோபரில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ வந்தபோது தாள்களைத் தோழி தன் உடைக்குள் ஒளித்துக்கொண்டார். செண்ட்லர் பாவியாக் சிறையில் சித்திரவதைப்பட்டும் வாய் திறக்கவில்லை. யூதர்களுக்கு உதவிய போலந்தின் ரகசிய அமைப்பான ஜெகோட்டா லஞ்சம் கொடுத்து அவரை மீட்டது. பட்டியலைக் கண்ணாடிக் குடுவையில் போட்டுத் தோழியின் தோட்டத்தில் புதைத்தார்கள். போருக்குப் பின் அது யூதக் குழுவிடம் போனது. பெரும்பாலான பெற்றோர் அதற்குள் டிரெப்லிங்கா என்ற நாஜிக் கொலை முகாமில் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இதைத் தெருக்கூத்தாகப் போடலாமா?
– வாசகர், பென்னாகரம்

பட்டியல் எழுதும் கட்டத்தைத் தாராளமாகப் போடலாம். பிள்ளைகளுக்கு நாஜி வேடமோ, கைதி வேடமோ வேண்டாம். முகாம் காட்சியும் வேண்டாம். அந்த வேதனையை நடித்துக் காட்ட முடியாது, சின்னப் பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். கட்டியங்காரன் வேண்டுமானால் வரட்டும், வருடத்தையும் ஊரையும் சொல்ல மட்டும்.