“யாரும் கேட்கவில்லையே!”

சிறப்புத் தேவை உள்ள இளைஞர்களின் வேலை குறித்த வாசகர் கேள்விகளுக்கு, அவர்களுக்கு வேலைப் பயிற்சி தரும் சிறப்பாசிரியர் ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது, லேசான அறிவுசார் குறைபாடு உண்டு. கிடங்கு ஒன்றில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறான். போன மாதம் லேபிள் சுருள் தீர்ந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் மதியம் வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறான். சூப்பர்வைசர் திட்டிவிட்டார். ஏன் சொல்லவில்லை என்றால், “யாரும் கேட்கவில்லையே” என்கிறான். வேலையை நன்றாகச் செய்கிறவன் இதில் மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்கள் மகன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். இத்தனை வருடமும் நாம் கேட்டோம், அவன் சொன்னான். பென்சில் முனை உடைந்தால் ஆசிரியர் கவனித்துவிடுவார். செருப்பு வார் அறுந்தால் நீங்கள் கவனித்துவிடுவீர்கள். “ஒரு தொந்தரவும் கொடுக்க மாட்டான்” என்று பள்ளியில் எத்தனை முறை பாராட்டியிருப்பார்கள்! சும்மா இருந்தால் நல்ல பெயர் என்று படித்து வளர்ந்தவன், வேலையிடத்திலும் சும்மா இருந்தான். அங்கே அதற்குத் திட்டு விழுகிறது. பாவம், அவன் குழம்பாமல் என்ன செய்வான்?

ஆகவே லேபிள் ஒட்டுவதை மறுபடி சொல்லித்தர வேண்டாம். 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்டு என்பவர், எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கைக் கோக்கக் கற்றுத்தந்தார். ஒன்றில் 15 பாகங்கள், இன்னொன்றில் 24. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்ததுதான் அவர் வழி. கைவேலைக்கு இன்றும் அதே வழிதான். ஆனால் ஒன்பதாவது பாகம் தட்டில் இல்லையென்றால் என்ன செய்வது? அதையும் ஒரு படியாக வைத்துப் பழக்க வேண்டும். பெரும்பாலான பயிற்சிகளில் தட்டு எப்போதும் நிறைந்தே இருக்கிறது.

நான் தட்டைக் காலி செய்கிறவள். ஸ்டேப்ளரில் பின் இருக்காது. டேப் சுருளில் ஒரு முழம்தான் மிச்சமிருக்கும். பெட்டி ஓர் அளவு, மூடி வேறோர் அளவு. வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வேன். “டேப் தீர்ந்துவிட்டதா?” என்று நாமே கேட்டுவிட்டால் பாடம் கெட்டது, பழைய கதைதான் திரும்பவும் நடக்கும். கொஞ்ச நேரம் பார்ப்பேன். அவர்கள் எழுந்து வராவிட்டால், யாரிடம் போக வேண்டும் என்று மேசையில் ஒட்டியிருக்கும் படத்தை வாய் திறக்காமல் காட்டுவேன். அடுத்தடுத்த முறை அதையும் குறைத்துக்கொண்டே போவேன்.

“யாரிடமாவது சொல்” என்பது அவனுக்கு உதவாது. ஆளைக் காட்டுங்கள், அவர் விடுப்பென்றால் அடுத்தவர் யார் என்பதையும் காட்டுங்கள். “உடனே சொல்” என்றாலும் எப்போது என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு முறை நீயே முயன்று பார், சரியாகவில்லையென்றால் எழுந்து போ என்று விதியாகச் சொல்லுங்கள். புகை, ரத்தம், மின்பொறி இவற்றுக்கு மட்டும் அந்த இரண்டு முறை கிடையாது. கையை எடுத்துவிட்டு, விலகி நின்று, குரல் கொடுக்க வேண்டும். “உதவி வேண்டும்” என்று மட்டும் பழக்கினால் சூப்பர்வைசர் “என்ன உதவி?” என்பார், பிள்ளை அங்கேயே உறைந்துபோவான். “லேபிள் தீர்ந்துவிட்டது, புதுச் சுருள் வேண்டும்” என்று முழு வாக்கியமாகப் பழக்குங்கள்.

வீட்டில் டிவி ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அவன் வந்து சொல்லும்வரை நீங்கள் அசையக் கூடாது. (தாய்மார்கள் தோற்றுப்போவது இங்கேதான்.)

சூப்பர்வைசரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். முதல் சில முறை அவன் வந்து சொல்லும்போது “இதைக்கூட நீயே பார்த்துக்கொள்ள முடியாதா?” என்று கேட்டுவிட்டால் போதும், நாம் பழக்கியதெல்லாம் வீண்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகள் அலுவலகம் ஒன்றில் கணினியில் தகவல்களைப் பதிகிறாள். கணினி நின்றுவிட்டால் மேசையைத் தட்டுகிறாள், காகிதங்களைக் கிழிக்கிறாள். “நடத்தை சரியில்லை” என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: மேசையைத் தட்டினால் ஆள் வருகிறார். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான் என்றால் அதைத்தான் செய்வாள். எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான பணி வரும்போது முரண்டு பிடித்த பிள்ளைகளுக்கு “எனக்குப் புரியவில்லை” என்று சொல்லக் கற்றுத்தந்தார்கள். சொன்னவுடன் உதவி கிடைத்தது. முரண்டு வெகுவாகக் குறைந்தது.

உங்கள் மகளுக்குப் பதற்றத்தில் பேச்சு வராமல் போகலாம். ஒரு சிவப்பு அட்டையை மேசையில் நிமிர்த்தி வைத்தால் போதும் என்று ஏற்பாடு செய்யுங்கள். தொடக்கத்தில் அட்டை நிமிர்ந்த ஒவ்வொரு முறையும் ஆள் வந்தாக வேண்டும். அட்டையைவிடத் தட்டல் வேகமாக வேலை செய்தால் அவள் தட்டலுக்கே திரும்பிவிடுவாள். அமைதியாக இருக்கும் நேரத்தில் பழக்குங்கள், கொந்தளிப்பின் நடுவில் வேண்டாம். அலுவலகம் முகம் சுளித்தால், 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவைக் காட்டுங்கள். பணியிடத்தில் நியாயமான வசதிகள் செய்துதர வேண்டும் என்கிறது அது. ஓர் அட்டை அதில் மிக மலிவான வசதி.

கேள்வி: என் தம்பி தினமும் “ஒரு பிரச்சினையும் இல்லை” என்றுதான் சொன்னான். உடன் வேலை செய்பவர் ஒருவர் தன் வேலையையும் அவன் தலையில் கட்டிவிட்டு, அவனிடம் பணமும் வாங்கிக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது.

பதில்: “எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா?” என்று கேட்டிருப்பீர்கள். அவன் “ஆமாம்” என்றிருப்பான். கரோல் சிகெல்மன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1981இல் எழுதியது இதைப் பற்றித்தான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆம்-இல்லை கேள்வி கேட்டால், ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு கேள்விகளுக்கும் பலர் “ஆம்” என்று சொல்லிவிடுகிறார்கள். எதிரே இருப்பவரைத் திருப்திப்படுத்துகிற பழக்கம். இனி வேறு மாதிரி கேளுங்கள். இன்று பக்கத்தில் யார் உட்கார்ந்தார்? பணப்பையை எங்கே வைத்தாய்? கடைசிப் பெட்டியை யார் தூக்கினார்?

பொருள் தீர்ந்தால் இரண்டு முறை முயலச் சொல்கிற நான், மனிதர் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். பணம் கேட்டால், தொட்டால், மிரட்டினால் அன்றைக்கே சொல்ல வேண்டும். “யாரிடமும் சொல்லாதே” என்று ஒருவர் சொன்னால், அதுவே சொல்ல வேண்டிய விஷயம் என்று பழக்குங்கள். இதைத் தம்பியே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். அவன் சம்மதத்தோடு, அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: என் பிரிவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஊழியர் ஒருவர் இருக்கிறார். பேனா மூடி காணவில்லை என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் என்னிடம் வந்து நிற்கிறார். எப்படிக் குறைப்பது?

பதில்: மேலே முதல் கேள்வி எழுதியிருக்கும் தாய் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்! “சின்ன விஷயத்துக்கெல்லாம் வராதே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எது சின்னது என்று அவருக்கு அளக்கத் தெரியாது. நாளைக்குப் பெரியதற்கும் வர மாட்டார். இரண்டு பலகை வையுங்கள். ஒன்றில் ஓடி வர வேண்டியவற்றின் படங்கள். இன்னொன்றில் காத்திருக்கலாம் என்பவை. அவற்றை அவர் குறித்து வைக்கட்டும், நீங்கள் தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பார்த்தாக வேண்டும். படங்களை அவருடைய மேசையிலேயே, அவருடைய கருவிகளையே வைத்து எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பொம்மைப் படங்கள் வேண்டாம்.